'கேஸ்'னு சொல்றதை நிறுத்துங்கய்யா!

'கேஸ்' என்கிற வார்த்தையை நம்ம ஊர்ப் பக்கம் ஒரு அஞ்சு வருஷத்துக்குத் தடை பண்ணணும். நெஞ்சு எரிஞ்சா கேஸ். முதுகு பிடிச்சா கேஸ். ஹார்ட் அட்டாக்கே வந்தாலும் முதல் அரைமணி நேரம் கேஸ்தான். ஒரு சோடா குடி, ஏப்பம் வந்தா சரியாயிடும்! அதுக்கும் மசியலைன்னா மெடிக்கல் ஷாப். பான்டோப்ரசோல் அட்டை அட்டையா கிழிச்சுக் கொடுப்பாங்க. சட்டப்படி டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாத மருந்து அது. விருதுநகர் மாவட்டத்துல சீட்டு கேட்ட கடையை யாராவது பார்த்திருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, நேர்ல போய் மாலை போட்டுட்டு வர்றேன் :-)

மாத்திரை கெட்டதுன்னு சொல்லலை. நல்ல மாத்திரை. ஆனா பொட்டி தட்டுற எங்க தொழில்ல, சர்வர்ல அலாரம் அடிச்சா என்னன்னு பார்க்காம மியூட் பண்ணிட்டு வீட்டுக்குப் போறவனுக்கு மறுநாள் வேலை இருக்காது. நாம உடம்புக்கு அதைத்தான் பண்றோம், வருஷக்கணக்கா.

உணவுக்குழாயோட உள்சுவர் தட்டையான செல்களால ஆனது. இரைப்பை அமிலமும் பித்தநீரும் பல வருஷம் மேல ஏறி ஏறிச் சுட்டா, சில பேருக்கு அந்த இடத்துல குடல்ல இருக்கிற மாதிரி தூண் வடிவ செல்கள் வந்து உட்கார்ந்துடும். பேரட் உணவுக்குழாய்னு பேரு. புற்றுநோய் இல்லை, ஆனா அதுக்குப் போற பாதையில ஒரு படி. 1950ல இதைப் பத்தி எழுதின லண்டன் சர்ஜன் நார்மன் பேரட், இது உணவுக்குழாயே இல்லை, மேல இழுபட்ட இரைப்பைன்னு சாதிச்சவர். 1957லதான் மாத்திக்கிட்டார். பேர் மட்டும் அவருக்கே நின்னுடுச்சு. இதுல கொடுமை என்னன்னா, புதுசா வந்த சுவருக்கு அமிலம் அவ்வளவா உறைக்காது. அதனால எரிச்சல் குறையும். "இப்பல்லாம் பரவாயில்லப்பா"ன்னு நம்மாளு சந்தோஷமா இருப்பார்.

இருக்கன்குடியில எங்க பெரியப்பா அப்படித்தான் சந்தோஷமா இருந்தார். 58 வயசு, பட்டாசு ஆலையில போர்மேன், தொப்பை, பன்னெண்டு வருஷ நெஞ்செரிச்சல், அதைவிடப் பழைய பீடி. யாரோ சொல்லி ஒரு இடத்துல எண்டோஸ்கோப்பி பண்ணியிருக்காங்க. ரிப்போர்ட்ல ஒரே ஒரு வரி: பேரட். எத்தனை சென்டிமீட்டர்னு இல்லை. சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பவே இல்லை. கூகுள்ல தேடின பேரன் 'கேன்சர்'னு படிச்சுட்டான். ஆடி கடைசி வெள்ளிக்கு நான் போறப்போ வீடே எழவு வீடு மாதிரி இருக்கு. பெரியம்மா அக்கினிச்சட்டி எடுக்கிறதா மாரியம்மனுக்கு நேர்ந்துட்டாங்க. அதுல எனக்கு ஒரு சண்டையும் இல்லை. சண்டை எல்லாம் வாட்ஸப்ல வந்ததுன்னு ஆப்பிள் சைடர் வினிகர் பாட்டிலோட வந்து நின்ன சொந்தக்காரர் கூடத்தான். அமிலம் பட்டு வெந்த இடத்துக்கு அமிலமே மருந்தாம். அவ்வ்வ்!

கண்ணால பார்த்துட்டு மட்டும் பேரட்னு எழுதினா அது முழு டயக்னோசிஸ் இல்லைங்க. நிறம் மாறின பகுதி இரைப்பை சேர்ற இடத்துக்கு மேல குறைஞ்சது ஒரு சென்டிமீட்டராவது இருக்கணும். ரெண்டு சென்டிமீட்டருக்கு ஒரு தடவை, சுத்தி நாலு பக்கமும் துளித்துளியா சதை எடுக்கணும். சியாட்டில் முறைன்னு பேரு. மைக்ராஸ்கோப்ல குடல் வகை செல் இருக்கா, செல் கோணல்மாணலா மாற ஆரம்பிச்சிருக்கா (டிஸ்பிளேசியா) என்று பார்க்கணும். இருக்குன்னு வந்தா இன்னொரு நோய்க்குறியியல் நிபுணரும் பார்த்து ஒத்துக்கணும்.

மதுரையில திரும்பப் பண்ணினோம். ரெண்டு சென்டிமீட்டர் பேரட், டிஸ்பிளேசியா இல்லை. அப்போ முதல் ரிப்போர்ட் சரிதானேன்னு வராதீங்க. அந்த ஒரு வரியை வச்சு யாரும் ஒண்ணும் முடிவு பண்ணியிருக்க முடியாது. டிஸ்பிளேசியா இல்லாட்டி ஆயிரம் பேர்ல வருஷத்துக்கு ரெண்டுலேருந்து அஞ்சு பேருக்குத்தான் புற்றுநோயா மாறுதுன்னு கணக்கு. அமெரிக்க இரைப்பைக் குடல் மருத்துவர்கள் கல்லூரியோட 2022 வழிகாட்டுதல்படி, மூணு சென்டிமீட்டருக்குக் கீழன்னா அடுத்த எண்டோஸ்கோப்பி அஞ்சு வருஷம் கழிச்சு. அதுக்கு மேலன்னா மூணு வருஷம். தீவிர டிஸ்பிளேசியாவே வந்தாலும், முன்ன மாதிரி நெஞ்சைத் திறந்து உணவுக்குழாயை எடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. எண்டோஸ்கோப்பி வழியாவே மேடா இருக்கிறதை வெட்டி எடுத்து, மிச்சத்தை ரேடியோ அலைச் சூட்டுல பொசுக்குறாங்க. பெரியப்பா குடும்பம் மூணு வாரம் தூங்காம இருந்தது இந்த 'அஞ்சு வருஷம் கழிச்சு வாங்க'வுக்காக.

இன்னொண்ணு. பேரட் பெருசா பேசப்படுறது வெள்ளைக்காரங்க நாட்டுல. இந்தியாவுல உணவுக்குழாய்ப் புற்றுநோய்ல பெரும்பகுதி அந்தத் தட்டை செல்லுலயே வர்ற வகை. அதுக்குக் காரணம் புகை, புகையிலை, பாக்கு, சாராயம். 65 டிகிரிக்கு மேல கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிறதையும் சந்தேகப் பட்டியல்ல 2016ல சேர்த்தாங்க. சாத்தூர் காராசேவைத் திட்டுறவங்க கவனிக்க: காரம் எரிச்சலைக் கூட்டலாம், ஆனா இந்தப் பட்டியல்ல சேவு இல்லை. பட்டாசு ஆலைக்குள்ள தீக்குச்சியே போகக் கூடாது, பீடி எங்க பத்த வைக்கிறது? அதனால வாயில அடக்கிக்கிறவங்களை எங்க பக்கம் நிறையப் பார்த்திருக்கேன். பொம்பளைங்களுக்கு வெத்தலையோட புகையிலை. இவங்களுக்கு நெஞ்செரிச்சலே இருக்காது, கேஸும் இருக்காது. அரசாங்கப் பரிசோதனைத் திட்டத்துல வாய், மார்பகம், கருப்பைவாய் இருக்கு, உணவுக்குழாய் இல்லை. எல்லாருக்கும் குழாய் விடுன்னு நான் கேக்கலை, கட்டுப்படியாகாது. ஆனா வேற எதுக்கோ எண்டோஸ்கோப்பிக்கு வர்றவர்கிட்ட "புகையிலை போடுவீங்களா, தண்ணி உண்டா"ன்னு கேக்க என்ன செலவு? சந்தேகம்னா உள்ள லூகால் அயோடின் தெளிக்கலாம். நல்ல சுவர் பழுப்பாகும், கெட்டுப்போன இடம் நிறம் பிடிக்காம வெளுப்பா நிக்கும். அயோடின்தாங்க, விண்வெளி சாமான் இல்லை.

பரோட்டா இறங்க மாட்டேங்குதுன்னு இட்லிக்கு மாறுறாங்க, இட்லி நின்னா கஞ்சி. கஞ்சியும் நின்ன பிறகுதான் டாக்டர். முழுங்கச் சிரமம், காரணமில்லாம எடை குறையறது, ரத்த வாந்தி, தார் மாதிரி கருப்பா மலம், இதுல ஒண்ணு இருந்தாலும் இன்னொரு அட்டை மாத்திரை வாங்காதீங்க. பஸ் ஏறுங்க. விருதுநகர்ல 2022லேருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கு.

பெரியப்பா இப்போ மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னாடி போடுறார். பன்னெண்டு வருஷமும் சாப்பிட்டு முடிச்சு, ஏப்பம் விட்டுட்டுத்தான் போட்டிருக்கார். எப்பப் போடணும்னு கடைக்காரர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லையாம். பீடி நாளைக்கு ரெண்டு இன்னும் ஓடுது. கேட்டா, "முன்ன ஒரு கட்டுடா"ங்கிறார்.