சாம்பலுக்கு முன் பிகல்யோவோவைப் பாருங்கள்

அலுமினியத்தின் மூலப்பொருளான அலுமினா என்றால் பாக்சைட்டுத் தாதுதான் என்று உலகம் பழகிவிட்டது. நல்ல பாக்சைட்டு போதாத ரஷ்யா வேறு வழி தேடியது. கோலா தீபகற்பத்தில் உரத்துக்காக அபடைட்டைப் பிரித்த பிறகு மிஞ்சும் நெஃபலின் கனிமத்தைக் கையில் எடுத்தது.

லெனின்கிராட் வட்டாரத்தின் பிகல்யோவோ ஆலை 1959-இல் அலுமினா தரத் தொடங்கியது. நெஃபலினைச் சுண்ணாம்புக்கல்லோடு சேர்த்துச் சூளையில் சுடுகிறார்கள். ஒரு டன் அலுமினாவுக்குச் சுமார் 4 டன் நெஃபலின் வேண்டும். எரிபொருள் செலவும் பெரிது. ஆனால் கூடவே சோடாவும் பொட்டாஷும் கிடைக்கின்றன; எஞ்சும் சக்கை சிமெண்ட் ஆகிறது. 2010-இல் ஹங்கேரியின் அய்காவில் பாக்சைட்டுக் கழிவான சிவப்புச் சேறு கரையை உடைத்துப் பாய்ந்து பத்துப் பேரைக் கொன்றது. அதை நினைத்தால் கழிவே சரக்காவது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆனால் கழிவு சரக்காவதை நம்பியிருப்பதே இந்த முறையின் பலவீனமும். பிகல்யோவோவில் அலுமினா, சிமெண்ட், ரசாயன ஆலைகள் வெவ்வேறு முதலாளிகளிடம் போயின. விலைத் தகராறில் சங்கிலி அறுந்தது. 2009 ஜூனில், சம்பளம் வராத தொழிலாளர்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். அன்றைய பிரதமர் புதின் நேரில் வந்து முதலாளிகளை ஒப்பந்தம் போட வைத்தார்.

இந்தியாவின் அனல்மின் நிலையச் சாம்பலிலும் அலுமினா இருக்கிறது. அதைப் பிரிக்கத் திட்டமிடுவோர், எஞ்சும் பொருளை யார், என்ன விலைக்கு வாங்குவார் என்பதையும் முதல் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.