மார்பைச் சீரமைத்துக் கொள்வது ஆடம்பரமா?

2018-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் சென்னை ஸ்டான்லி சர்க்கார் ஆஸ்பத்திரியில், பெண்களின் மார்பகத்தைத் திருத்தியமைக்கும் ரணசிகிச்சையை ஏழைகளுக்கு இலவசமாகச் செய்வதென்று ஏற்பாடு துவக்கப்பட்டது. உடனே சிலர், "உயிரைக் காப்பாற்றும் சிகிச்சைக்கே பணம் போதாத நாட்டில் இந்த அலங்கார வேலைக்குச் சர்க்கார் பணமா?" என்று கூச்சல் போட்டார்கள். வெறும் அழகுக்காகச் செய்து கொள்ளுவதைப் பற்றி நமக்கு இங்கு வாதமில்லை. ஆனால் புற்றுநோய்க்காக மார்பை அறுத்தெடுத்த ஒரு பெண் அதை மறுபடியும் உண்டாக்கிக் கொள்ள விரும்பினால் அதுவும் அலங்காரந்தானா என்பதே நமது கேள்வி.

சென்ற மாதம் நமது தோழர் ஒருவர் தமது மனைவியாரோடு நம்மைப் பார்க்க வந்தார். அம்மைக்கு வயது 45. இடது மார்பில் ஒரு கட்டி தோன்றி எட்டு மாதம் வரை அந்த அம்மாள் வாய் திறக்கவில்லை. ஆண் வைத்தியரிடம் மார்பைக் காட்டுவதா என்ற வெட்கம் ஒரு பக்கம். மாமியார் நேர்ந்து கொண்ட பிரார்த்தனை ஒரு பக்கம். முடிவில் மார்பை முழுதும் எடுக்கும்படி ஆகி, மருந்துச் சிகிச்சையும் முடிந்து, இப்பொழுது நலமாயிருக்கிறார். "மார்பைச் சீரமைத்துக் கொள்ளலாமா?" என்று அவர் வைத்தியரைக் கேட்டிருக்கிறார். தோழருக்கு இது பிடிக்கவில்லை. "பிள்ளைகள் இரண்டு பெற்றாகிவிட்டது, வயதும் ஆகிவிட்டது. இனி எதற்கு? நீங்களாவது சொல்லுங்கள்" என்று நம்மிடம் முறையிட்டார். நாம் பதில் சொல்லு முன்பே அந்த அம்மாள், "போன வருஷம் முன்பல் இரண்டு விழுந்ததும் டவுனுக்கு ஓடிப் போய்க் கட்டிக்கொண்டு வந்தீர்களே, உங்களுக்கு மட்டும் வயது குறைச்சலோ?" என்று கேட்டார். தோழர் சிரித்துவிட்டார். நாம் சொல்ல வேண்டியிருந்ததில் பாதியை அந்த அம்மாளே சொல்லிவிட்டார். மீதியை இங்கு எழுதுகின்றோம்.

காலிழந்தவனுக்கு 1968-ல் ஜெய்ப்பூரில் செயற்கைக் கால் செய்தார்கள். அது பல லக்ஷம் பேருக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதை ஆடம்பரமென்று எவனாவது சொன்னானா? கண்ணிழந்தவன் கண்ணாடிக் கண் வைத்துக் கொண்டால் பார்வை வருவதில்லை. ஆனாலும் அவனை யாரும் பரிகசிப்பதில்லை. பெண்ணின் மார்பென்று வந்தவுடன் மாத்திரம் ஏன் இந்தக் கணக்குப் பார்க்கிறார்கள்? அந்த அங்கம் புருஷனுடைய ஆசைக்கும் பிள்ளையின் பாலுக்கும் ஏற்பட்டதென்றும், அவ்விரண்டு வேலையும் முடிந்துவிட்டால் அது இருந்தாலென்ன போனாலென்ன என்றும் எண்ணுவதல்லாமல் இதற்கு வேறு காரணம் உண்டா? அது அவள் உடம்பு என்ற எண்ணம் எவர் மூளையிலும் புகவில்லை.

இன்னொரு ஆட்சேபணை நமது தோழர்களிடமிருந்தே வரும். "பெண் அலங்காரப் பொம்மையல்ல என்று சொல்லுகிற நீங்களே மார்பு வைத்துக் கொள்ளச் சொல்லலாமா?" என்பார்கள். நாம் வைத்துக் கொள்ளவும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. மார்பில்லாமலே நிமிர்ந்து நடப்பேன் என்கிற பெண்ணுக்கு நமது மரியாதை உண்டு. அவளுக்கு ஒரு குறையுமில்லை. உள்சட்டைக்குள் துணியாலோ சிலிகோனாலோ செய்த மார்பை வைத்துக் கொண்டால் போதும் என்பவளுக்கும் அப்படியே. சீரமைத்துக் கொள்ளுவேன் என்பவளுக்கும் அப்படியே. மூன்றில் எதுவென்று தீர்மானிக்க வேண்டியது புருஷனுமல்ல, மாமியாருமல்ல, பத்திரிகை நடத்தும் நாமுமல்ல.

பெண்ணைக் கேளாமல் அவள் உடம்பைத் தீர்மானிக்கும் குற்றம் பாமரர்களிடம் மாத்திரம் இருந்ததென்று யாரும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஹால்ஸ்டெட் என்ற பெரிய ரணவைத்தியர், மார்போடு நெஞ்சுச் சதையையும் அக்குள் கழலைகளையும் ஒருங்கே அரிந்தெடுக்கும் முறையை 1894-ல் வெளியிட்டார். அக்காலத்தில் அது பல உயிர்களைக் காத்தது வாஸ்தவமே. ஆனால் பெரியவர் சொன்னார் என்பதற்காகவே அதன் பிறகு முக்கால் நூற்றாண்டு காலம் எத்தனையோ பெண்களுடைய நெஞ்சு, எலும்பு தெரிய அரியப்பட்டது. பெர்னார்ட் பிஷர் என்ற வைத்தியர், பெரியவர் வாக்கை ஒப்புக்கொள்ளாமல், 1971 முதல் ஆயிரக்கணக்கான பெண்களைப் பிரித்து வைத்து எண்ணிப் பார்த்தார். சதையை அரிந்ததனால் ஆயுள் கூடவில்லை என்று தெரிந்தது. ஆரம்ப நிலையில் கண்டால் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச் சிகிச்சை கொடுத்தாலும் ஆயுள் ஒன்றே என்பது 1985-ல் வெளியாகி, இருபது வருஷக் கணக்கோடு 2002-ல் உறுதியாயிற்று. வாக்கை நம்பாமல் எண்ணிப் பார்ப்பது எவ்வளவு பேருடைய உடம்பைக் காப்பாற்றியது பாருங்கள்!

மார்பைத் திரும்ப உண்டாக்கும் முயற்சியும் புதிதல்ல. 1895-ல் ஜெர்மனி தேசத்தில் செர்னி என்ற வைத்தியர், ஒரு பெண்ணின் இடுப்புப் பக்கத்திலிருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து அவளுடைய மார்பில் வைத்துத் தைத்தார். இன்று முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, சிலிகோன் பை வைப்பது. தோல் போதாதவர்களுக்கு முதலில் ஒரு வெறும் பையை வைத்து, சில வாரங்கள் வரை அதில் கொஞ்சங் கொஞ்சமாக உப்புநீர் ஏற்றித் தோலை விரியச் செய்து, பிறகு மாற்று வைக்கிறார்கள். மற்றொன்று, அவளுடைய அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் இரத்தக் குழாயோடு எடுத்து, பூதக்கண்ணாடியின் உதவியால் மார்பிலுள்ள குழாயோடு இணைத்துத் தைப்பது. முதுகுச் சதையைக் கொண்டு செய்வதும் உண்டு.

எது நல்லதென்றால் ஆளுக்கு ஆள் மாறும். பை வைப்பது சீக்கிரம் முடியும். ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். ஆனால் பை ஆயுள் முழுதும் இருக்கும் வஸ்துவல்ல. பின்னால் மாற்ற நேரிடலாம். சொரசொரப்பான மேற்புறமுள்ள ஒரு வகைப் பை, அபூர்வமான ஒரு நிணநீர்ப் புற்றுநோயோடு சம்பந்தப்பட்டதென்று கண்டு 2019-ல் உலகமெங்கும் திருப்பி வாங்கப்பட்டது. ஆகையால் எந்தப் பை வைக்கப்படுகிறது என்று கேட்டு எழுதி வாங்கிக் கொள்ள வேண்டும். கதிர்ச் சிகிச்சை பெற்ற இடத்தில் பையைச் சுற்றித் தோல் இறுகிப் போவது அதிகம். அவர்களுக்குச் சொந்தச் சதையே பெரும்பாலும் ஏற்றது. சொந்தச் சதை முறையோ பல மணி நேர வேலை. வயிற்றில் ஒரு வடு விழும். ஆஸ்பத்திரியில் நாலைந்து நாள் இருக்க வேண்டும். ஆனால் அது அவளோடு வளரும், அவளோடு மெலியும். மார்பை எடுக்கும்போதே கூடச் செய்து கொள்ளலாம். வருஷங்கள் கழித்தும் செய்து கொள்ளலாம். இதனால் புற்றுநோய் திரும்பி வருவது அதிகப்படுவதில்லை.

இனி, தீர்மானித்துக் கொண்டவர்கள் செய்ய வேண்டியதைச் சொல்லுவோம். முதலாவது, பஞ்சாங்கத்தை மூடி வையுங்கள். புற்றுநோய்க்கு அஷ்டமி நவமி தெரியாது. ஆஸ்பத்திரியார் குறித்த நாளே நல்ல நாள். இரண்டாவது, புகையிலையை விடுங்கள். பீடி, சிகரெட் மாத்திரமல்ல, வெற்றிலையோடு போடும் புகையிலையும் பொடியும் அப்படியேதான். அதிலுள்ள நிக்கோடின் மெல்லிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால் தைத்த தோல் அழுகிப் போகக் கூடும். குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்னமே நிறுத்த வேண்டும். மூன்றாவது, நீரிழிவையும் இரத்தக் குறைவையும் முன்கூட்டியே சரிப்படுத்திக் கொள்ளுங்கள். நான்காவது, தின்னும் மருந்து எதுவாயிருந்தாலும், பாட்டி கொடுத்த சூரணமாயிருந்தாலும், வைத்தியரிடம் மறைக்காதீர்கள். சில மருந்துகள் இரத்தத்தை உறையவிடாமல் செய்யும். ஐந்தாவது, பத்தியம் என்று பட்டினி கிடக்காதீர்கள். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், கறி, பருப்பு, பால் இவற்றில் உங்களுக்குக் கிடைப்பதைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

சிகிச்சை முடிந்ததும் மார்பிலும் வயிற்றிலும் சிறு ரப்பர்க் குழாய்கள் தொங்கும். உள்ளே ஊறும் நீர் அதன் வழியே ஒரு குமிழில் சேரும். அதைக் காலையும் மாலையும் அளந்து குறித்து வைக்க வேண்டும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 30 மில்லிக்குக் குறைந்தால் குழாயை எடுத்து விடுவார்கள். இதற்கு ஒரு வாரமும் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். சொந்தச் சதை வைத்தவர்களுக்கு முதல் ஓரிரு நாள் மணிக்கு மணி நர்ஸ் வந்து நிறத்தையும் சூட்டையும் பார்ப்பார். தூக்கத்தைக் கெடுக்கிறாரென்று கோபிக்கக் கூடாது. குழாய் அடைத்துக் கொண்டால் சில மணி நேரத்துக்குள் திறந்து சரி செய்தால்தான் சதை பிழைக்கும். மறு நாளே மெல்ல நடக்கச் சொல்லுவார்கள். காலில் இரத்தம் உறையாமலிருக்க அது அவசியம். வயிற்றில் தையல் போட்டவர்கள் சில நாள் கூனியே நடக்க நேரும். அது தானே சரியாகும். கையைத் தூக்கும் பயிற்சியை வைத்தியர் சொன்ன நாளில் துவங்காவிட்டால் தோள் பிடித்துக் கொள்ளும். ஜுரம், சிவப்பு, சீழ், திடீர் வீக்கம், கெண்டைக்கால் வலி, மூச்சுத் திணறல் இவற்றில் எது கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மந்திரித்த விபூதி இதற்கு மருந்தாகாது.

உள்ளதை உள்ளபடி சொல்லுவதென்றால், புதிய மார்பு பழைய மார்பாகாது. வடு இருக்கும். பால் சுரக்காது. உணர்ச்சி பெரும்பாலும் மரத்தே இருக்கும். ஆதலால் அதன் மேல் வெந்நீர்ப் பை வைத்தால் வெந்து போவதும் தெரியாது, ஜாக்கிரதை வேண்டும். காம்பை அமைப்பதும், பச்சை குத்தி நிறம் கொடுப்பதும் சில மாதங்கள் கழித்து நடக்கும். சில பெண்கள் எல்லாம் நன்றாக முடிந்த பிறகும் கண்ணாடி முன்னின்று அழுவார்கள். அது நன்றிகெட்டதனமல்ல, இழந்ததற்கு அழுவது மனித இயற்கை. "உயிர் பிழைத்ததே போதாதா?" என்று அவளை அதட்டாதீர்கள். அறுத்த மார்புடையவள் சுபகாரியத்துக்கு முன்னால் வரக் கூடாதென்று சொல்லும் கிழங்களை மாத்திரம் தாராளமாக அதட்டுங்கள்.

நிற்க, புருஷர்களுக்கு ஒரு வார்த்தை. ஏறக்குறைய ஆறு வாரங்கள் அவள் பாரம் தூக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணீர் 12 கிலோவுக்குக் குறையாது. மாவாட்டுவதும், துணி அடித்துத் துவைப்பதும், கைப்பிள்ளையைத் தூக்குவதும் அப்படியே. "ஓய்வெடுத்துக் கொள்" என்று வாயால் சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக்குத் தட்டோடு உட்காரும் புருஷன் அவளுக்குச் செய்வது உபகாரமல்ல, உபத்திரவம். ரணவைத்தியர் எட்டு மணி நேரம் நின்று தைத்ததை ஒரு குடம் தண்ணீர் கெடுத்துவிடக் கூடும். தண்ணீர் எடுக்கவும் சோறு சமைக்கவும் ஆண் கைக்குத் தெரியாதென்றால், ஆறு வாரத்தில் கற்றுக் கொள்ளலாம். மார்பகம் அமைக்கும் வித்தையைவிட அது ஒன்றும் கஷ்டமானதல்ல.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. 2022-ம் வருஷத்தில் மாத்திரம் இந்தியாவில் 1,90,000-க்கு மேற்பட்ட பெண்களுக்குப் புதிதாக இந்நோய் கண்டதென்றும், சுமார் 98,000 பேர் மாண்டார்கள் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். மார்பை எடுப்பதற்குப் பணம் கொடுக்கும் இன்ஷூரன்ஸ், அதைச் சீரமைப்பதற்கும் கொடுத்தாக வேண்டுமென்று அமெரிக்காவில் 1998-லேயே சட்டம் செய்தார்கள். பணக்காரி தனியார் ஆஸ்பத்திரியில் செய்து கொண்டால் அது சிகிச்சை; கூலிக்காரி சர்க்கார் ஆஸ்பத்திரியில் கேட்டால் அது ஆடம்பரமா? ஏழைக்கு உயிர் மட்டும் போதும், உடம்பு வேண்டியதில்லை என்பதுதானே இதன் அர்த்தம்?

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைச் சொல்லி முடிக்கின்றோம். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி அம்மையார், வீட்டுக்குள் அழுது கொண்டிராமல், 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியை உண்டாக்கினார். அத்தகைய ஆஸ்பத்திரிகள் வாசற் கதவைத் திறந்து வைத்துக் கொண்டிருந்தாலும், பெண் வெட்கப்பட்டு வீட்டுக் கதவைச் சாத்திக் கொண்டால் என்ன பயன்? நம்மிடம் வந்த அம்மாள் அந்த எட்டு மாதத்தை வீணாக்காதிருந்தால், ஒருவேளை மார்பையே இழந்திருக்க மாட்டார். ஆகவே தாய்மார்களே! வலியில்லாத கட்டி, காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு, தோல் சுருங்குதல் இவற்றில் எதைக் கண்டாலும் மறுநாளே வைத்தியரிடம் காட்டுங்கள். வியாதி வந்தது உங்கள் பாவமல்ல, தலையெழுத்துமல்ல. வெட்கப்பட வேண்டியவர்கள் நீங்களுமல்ல. உங்களை வெட்கப்படும்படி பழக்கி வைத்தவர்களே வெட்கப்படட்டும்.