சாந்துச் சட்டியும் ஓர் அளவுகோலே!



வளைகுடா நாடுகளில் நம் பிள்ளைகள் வியர்வை சிந்தி ஈட்டிய பணம், இராஜகிரி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் போன்ற நம் ஊர்களில் மாடி வீடுகளாக உயர்ந்து நிற்கின்றது. காண மகிழ்ச்சியே. ஆனால் அவ்வீடுகளின் உறுதி எத்தகையது?

நானறிந்த குடும்பமொன்றில், விடுப்பில் வந்த மகன் திரும்புமுன் மகளின் நிக்காஹ் நடந்தாக வேண்டுமென்று அவசர அவசரமாக வீட்டை முடித்தனர். இரண்டாவது மழைக்காலத்திலேயே மேல்தளப் பூச்சு பெயர்ந்து, தொட்டில் கட்டியிருந்த இடத்தில் விழுந்தது. குழந்தை அவ்வேளை பாட்டியாரின் மடியில் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்!

இது ஓர் ஊரின் கதையன்று. சென்னை புளியந்தோப்பில் ஏழைகளுக்கென எழுப்பப்பட்ட அரசுக் குடியிருப்பில், கை பட்டாலே பூச்சு உதிர்ந்ததை 2021ஆம் ஆண்டில் நாடே கண்டது. மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 உயிர்கள் மாண்டன.

அளவில் மோசடி செய்வோரின் பெயராலேயே திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அமைந்துள்ளது. தராசும் படியும் மட்டுமே அளவுகோல் என்று நாம் எண்ணிவிட்டோம். மேஸ்திரியின் சாந்துச் சட்டியும் அளவுகோலே அல்லவா? தளக் காங்கிரீட்டிற்கு ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்பது வழக்கமான கணக்கு. சிமெண்டைக் குறைப்பவரும், எம்-சாண்ட் என்று சொல்லிக் கிரஷர் தூசியை இறக்குபவரும் அளவில் குறைப்பவர்களே. எளிதில் குழைய வேண்டுமென்று கலவையில் தண்ணீரை மிகுதியாக ஊற்றினாலும் வலிமை குன்றும். கடலோர ஊர்களில் உவர்நீரைக் கொண்டு குழைத்தால், உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்துக் காங்கிரீட்டையே பிளந்துவிடும்.

நெல்லுக்கு உகந்த நம் களிமண் அஸ்திவாரத்திற்கு உகந்ததன்று. மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். வெடிப்பு எட்டாத ஆழத்திற்குத் தோண்டாமல் எழுப்பிய சுவர் விரிசல் காணும். அவ்விரிசலைப் பட்டி பூசி மறைத்து, பழைய வீட்டின் மீதே மாடி எழுப்புவோரும் உளர்.

சகோதரர்களே! குற்றம் ஒப்பந்தக்காரரை மட்டும் சாருமா? சதுர அடிக்கு ஆகக் குறைந்த தொகை கேட்டவரிடமே வேலையை ஒப்படைத்தவர் யார்? நாள் குறித்துவிட்டு நெருக்கியவர் யார்? நாற்று நட்ட வயலுக்கு நீர் பாய்ச்ச மறப்போமா? தளத்திற்கும் பாத்தி கட்டிக் குறைந்தது பத்து நாட்கள் நீர் தேக்க வேண்டும். நாலரை மீட்டருக்கு மிகுந்த அகலமுடைய அறையாயின், பதினான்கு நாட்களேனும் முட்டுகளைப் பிரித்தலாகாது. இந்நாட்களைக் களவாடுவது பெரும்பாலும் வீட்டுக்காரரின் அவசரமே.

ஆகவே, கட்டத் தொடங்குமுன் பொறியாளர் ஒருவரைக் கலந்து கொள்ளுங்கள். கலவையின் அளவை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். உரிய கூலியைக் குறைவின்றிக் கொடுங்கள். வீடு முடியவில்லையெனில் நிக்காஹைப் பள்ளிவாசலில் எளிமையாக நடத்துங்கள், அதில் குறைவேதுமில்லை.

நம் மக்கள் அச்சமின்றி உறங்கும் இல்லங்களை அல்லாஹ் நமக்கு அருள்வானாக! ஆமீன்.