யானைக்கு ஒட்டுமுடி!

மோசமான படங்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, இடைவேளையிலேயே ஸ்கூட்டர் சாவியைத் தேட வைக்கும். இன்னொன்று, மோசம் என்று தெரிந்தும் குடும்பத்தோடு உட்கார வைக்கும். நம்மூர் விஞ்ஞானப் படங்கள் இரண்டாவது ரகம்.

1952-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து 'தி ஜங்கிள்' என்று ஒரு படம் எடுத்தது. தமிழில் 'காடு'. அழிந்து போன மாமூத் என்கிற சடை யானைகள் அதில் வரும். மாமூத்துக்கு எங்கே போவது? நம்ம யானைகளுக்கே ரோமத்தைப் போர்த்தி நடக்க விட்டார்கள். நம்ம ஊர் வெயிலில்!

அடுத்தது 'கலை அரசி', 1963 ஏப்ரல். வேற்றுக்கிரகவாசிகள் விஞ்ஞானத்தில் புலி, சங்கீதத்தில் பூஜ்யம். பாட்டு சொல்லித்தர ஆள் தேடி பூமிக்கு வருகிறார்கள். வருபவர் யார்? நம்பியார்! பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார். எம்.ஜி.ஆர். போய் மீட்கிறார்.

சிரிக்காதீர்கள். தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது அதே வருஷம் நவம்பரில்தான். விண்வெளிக்குப் போன முதல் பெண்மணி, ரஷ்யாவின் வாலன்டினா தெரெஷ்கோவா, கிளம்பியது ஜூனில். பானுமதி அம்மா இரண்டு மாசம் சீனியர்!

இதில் அப்படி என்ன சார் கவர்ச்சி? விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்குத் தினமும் பஸ்ஸில் ஆபீஸ் போகும் நண்பர் ஒருவர் பதில் வைத்திருக்கிறார். அவர் அப்பா ரிட்டயர்டு ரயில்வே. இருவருக்கும் பேச்சு என்றால், "கரண்ட் பில் கட்டியாச்சா?" "கட்டியாச்சுப்பா." அவ்வளவுதான். வருஷக்கணக்கில்.

ஒரு ஞாயிறு மத்தியானம் டி.வி.யில் 'கலை அரசி'. "ஏன்டா, அவ்வளவு தூரத்திலேர்ந்து வர்றானே, பெட்ரோலுக்கு என்ன பண்ணுவான்?" என்று அப்பா ஆரம்பித்தார்.

"திண்டிவனத்துல போட்டிருப்பான்ப்பா."

அப்பா சிரித்தே விட்டார். "பாவம், அந்தப் பொண்ணுக்குச் சோறு போட்டானுங்களா?" என்று அம்மாவுக்குக் கவலை. பேரன் தரையில் உட்கார்ந்து ஆளுக்கு முந்தி குறை கண்டுபிடித்தான். படம் முடிந்தும் அப்பா எழுந்திருக்கவில்லை. விழுப்புரம் ஜங்ஷனில் நைட் டியூட்டி பார்த்த கதைகளைச் சொல்ல ஆரம்பித்தார். மகன் அதுவரை கேட்டே இராத கதைகள்.

சூட்சுமம் இதுதான். கச்சிதமான படம் வாயைப் பிளக்க வைக்கும். பிளந்த வாயால் பேச முடியாது. 2024-ல் வந்த 'அயலான்' கிராஃபிக்ஸைப் பார்த்து, "ஐயோ, முடி கழண்டுக்கப் போவுது" என்று யாரும் பதறவில்லை. ஓட்டைப் படத்தில்தான் ஓட்டை வழியாக நாமும் உள்ளே போகலாம். பாட்டி முதல் பேரன் வரை, அந்த மூணு மணி நேரத்துக்கு எல்லோரும் விஞ்ஞானிகள்.

வீட்டில் நாலு பேர், நாலு மொபைல், நாலு மூலை என்றிருக்கிறதா? வருகிற ஞாயிற்றுக்கிழமை இப்படி ஒரு படத்தைப் போடுங்கள். அப்பா ஏதாவது நொட்டை சொல்வார். விட்டுவிடாதீர்கள், பதிலுக்கு வாதாடுங்கள்.

பெட்ரோல் செலவு என்னுடையது.