சில்லைத் தேய்த்தது யார்?

காரைப் பின்னால் எடுக்கப் போனால் கேமரா படம் வரவில்லை. முன்கண்ணாடியில் ஆவி படிகிறது. அதை நீக்கும் பொத்தான் திரைக்குள் இருக்கிறது, திரையோ இருண்டு கிடக்கிறது. இண்டிகேட்டர் போட்டால் கேட்கும் சத்தமும் இல்லை. மோட்டாரில் கோளாறு இல்லை, பேட்டரியில் கோளாறு இல்லை, வண்டி ஓடத்தான் செய்கிறது. கெட்டுப்போனது விரல்நகம் அளவுள்ள ஒரு நினைவகச் சில்லு. டெஸ்லா நிறுவனத்தின் மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களை வாங்கிய ஆயிரக்கணக்கான அமெரிக்கர்களுக்கு நேர்ந்தது இது.

2012 முதல் 2018இன் தொடக்கம் வரை தயாரான அந்தக் கார்களில், நடுவே இருக்கும் பெரிய தொடுதிரையை என்விடியாவின் டெக்ரா 3 செயலி இயக்கியது. அதற்குத் துணையாக 8 ஜிபி ஃபிளாஷ் நினைவகம். கைப்பேசியிலும் பென்டிரைவிலும் இருக்கும் அதே வகைதான். இந்த நினைவகத்திலிருந்து படிப்பதால் அது பெரிதாகத் தேய்வதில்லை. எழுதுவதாலும் அழிப்பதாலும்தான் தேய்கிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு சிற்றறையையும் மிக மெல்லிய காப்புப் படலம் ஒன்று மூடியிருக்கிறது. அதை ஊடுருவி எலெக்ட்ரான்களை உள்ளே செலுத்துவது எழுதுதல். வெளியே இழுப்பது அழித்தல். பென்சிலால் எழுதி ரப்பரால் அழித்து அதே இடத்தில் மறுபடி மறுபடி எழுதினால் தாள் நைந்து கிழிகிறதே, அதுபோல அந்தப் படலமும் நைகிறது.

எத்தனை முறை தாங்கும்? இந்தச் சில்லுக்குக் கணக்கு ஏறத்தாழ 3,000 முறை. நாளொன்றுக்குச் சராசரியாக 1.4 முறை எழுதி அழிக்கப்படுகிறது என்று டெஸ்லாவே அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்திடம் தெரிவித்தது. 3,000ஐ 1.4ஆல் வகுத்தால் 2,143 நாள். ஆறு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவுதான் அதன் ஆயுள்.

நாளுக்கு 1.4 முறை என்றால், 8 ஜிபி சில்லில் தினமும் 11 ஜிபிக்கு மேல் எழுதப்படுகிறது என்று பொருள். காரில் போகிறவர் அவ்வளவு என்ன எழுதிவிடப் போகிறார்? வரைபடம் பார்ப்பார், பாட்டுக் கேட்பார். மென்பொருள் தன் ஒவ்வொரு அசைவையும் குறித்து வைத்துக்கொள்ளும் பதிவுகள் இருக்கின்றனவே, எங்கள் தொழிலில் ‘லாக்’ என்போம், சில்லை அரிக்கிற எழுத்தில் பெரும்பங்கு இந்த வகைதான். பழுது வந்தால் காரணம் தேட அவை வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எதை எழுதுவது, எவ்வளவு எழுதுவது, எங்கே எழுதுவது என்ற மூன்றையும் முடிவு செய்தது காரைச் செய்தவர். ஓட்டுபவருக்கு அதில் பங்கே இல்லை.

இந்த விவகாரத்தை நான் விடாமல் பேசுவதற்குக் காரணம் இதுதான். ‘தேய்மானம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு நிறுவனங்கள் தப்பித்துவிடுகின்றன. டயர் தேய்கிறது, பிரேக் கட்டை தேய்கிறது, அதற்கு யாரும் கம்பெனியைக் கேட்பதில்லையே என்கிறார்கள். டயர் நான் ஓட்டுவதால் தேய்கிறது. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்த்தால் தெரியும். எந்த ஊரிலும் மாற்றிக்கொள்ளலாம். இந்தச் சில்லோ அவர்களுடைய மென்பொருள் எழுதுவதால் தேய்கிறது, தேய்வது கண்ணுக்குத் தெரியாது, பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் எளிதில் கழற்றி மாற்றவும் முடியாது. வாரண்டி தாண்டியவர்கள் ஒரு சில்லுக்காக மொத்தக் கணினித் தொகுதியையும் மாற்ற ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்தார்கள்.

அந்தக் கார்களுக்குப் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 ஆண்டு வாரண்டி; மற்ற பாகங்களுக்கு 4 ஆண்டு அல்லது 50,000 மைல். ஐந்தாறு ஆண்டில் தீர்ந்துபோகும் சில்லு இரண்டாவது வகையில் சேர்ந்தது. வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேலே நான் போட்ட வகுத்தல் கணக்கை வடிவமைப்பு நாளிலேயே எந்தப் பொறியாளரும் போட்டிருக்கலாம். போட்டும் சொல்லாமல் விட்டிருந்தால் அது குற்றம். போடவே இல்லை என்றால் அதுவும் அவர்கள் பொறுப்புதான்.

பாதுகாப்பு நிர்வாகம் 2020 ஜூனில் விசாரணையைத் தொடங்கியது. முதலில் 63,000 மாடல் எஸ் கார்கள்; நவம்பரில் வரம்பு 1,59,000 கார்களுக்கு விரிந்தது. சில மாதங்களில் தயாரான கார்களில் நூற்றுக்கு முப்பதுக்கும் மேற்பட்டவற்றில் சில்லு செயலிழந்திருந்தது. இந்தச் சில்லுகள் ஏறக்குறைய எல்லாமே ஒருநாள் செயலிழந்தே தீரும் என்பதையும் நிறுவனம் ஒப்புக்கொண்டது. எல்லாவற்றையும் மாற்றி முடிக்க 2028 வரை ஆகும் என்பது அதன் சொந்த மதிப்பீடு.

நவம்பரில் டெஸ்லா தானாகவே இந்தச் சில்லுக்கு மட்டும் வாரண்டியை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைலாக நீட்டியது. அது போதாது என்று 2021 ஜனவரி 13 அன்று நிர்வாகம் கடிதம் எழுதியது. பிப்ரவரித் தொடக்கத்தில் 1,34,951 கார்களைத் திரும்பப் பெற்றுச் சரிசெய்ய நிறுவனம் சம்மதித்தது. அப்போதும் இது பாதுகாப்புக் குறைபாடு என்பதை அது ஏற்கவில்லை. இப்படிப்பட்ட பாகங்கள் வண்டியின் ஆயுள் முழுவதும் உழைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, தொழில்நுட்பத்தில் இல்லாவிட்டாலும் செலவுக் கணக்கில் நடவாத காரியம் என்பது அதன் வாதம்.

இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பழுதான சில்லுக்குப் பதில் அவர்கள் கடைசியில் வைத்தது 64 ஜிபி சில்லு. தரம் அதேதான், எழுதும் அளவும் அதேதான் என்று வைத்துக்கொண்டால், எட்டு மடங்கு இடம் எட்டு மடங்கு ஆயுள் தரும். நாற்பது ஆண்டைத் தாண்டும். நடைமுறையில் அவ்வளவு வராது. பெரிய சில்லில் சிற்றறைகள் சற்று மெலிந்தவையாக இருக்கலாம், மென்பொருளும் பெருக்கும். பாதி வந்தாலும் காரின் ஆயுளுக்குப் போதுமே. லாக் எழுதுவதைக் குறைத்தாலும் ஆயுள் நீளும், அதற்குச் செலவே இல்லை. ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் விற்ற காரில் இதற்கு இடமில்லை என்று சொல்வதை எப்படி ஏற்பது?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விசாரணைக் காலத்தில் இணையம் வழியாகவே சில மென்பொருள் திருத்தங்களை டெஸ்லா அனுப்பி, சில்லு செத்தாலும் சில வசதிகள் தாமாக இயங்கும்படி செய்தது. உதவியான காரியம்தான். ஆனால் காரின் உரிமையாளருக்கு இன்ன குறை இருக்கிறது என்று முறைப்படி கடிதம் போகவில்லை. அமெரிக்கச் சட்டப்படி அந்தக் கடிதம் கட்டாயம். இரவோடு இரவாக வந்து இறங்கும் திருத்தம் அறிவிப்புக்கு ஈடாகாது. பழைய காரை அடுத்தவரிடமிருந்து வாங்குகிறவருக்கு என்ன தெரியும்?

பாதுகாப்புக் குறைபாடு இருந்தால் 15 ஆண்டு வரை இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது அமெரிக்கச் சட்டம். இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் வாகனங்களைத் திரும்பப் பெறும் விதிகள் நடப்பில் உள்ளன. மென்பொருளும் குறைபாடாகலாம் என்று அவை தெளிவாகச் சொல்வதை வரவேற்கிறேன். நிறுவனம் தவறினால் 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் ஏழு ஆண்டு ஆகாத வண்டிகளுக்கே அந்த விதி பொருந்தும். சில்லு ஆறாம் ஆண்டில் செயலிழக்கத் தொடங்கி, புகார்கள் சேர்ந்து, விசாரணை முடிவதற்குள் அந்த வரம்பு கடந்துவிடும். புதிய காருக்குப் பதிவுச் சான்றிதழை அரசு 15 ஆண்டுக்குத் தருகிறது. திரும்பப் பெறும் பொறுப்பும் அந்தப் பதினைந்து ஆண்டும் நிற்க வேண்டும். மின்சார கார் விற்பவர், உள்ளே இருக்கும் நினைவகம் எத்தனை முறை எழுதத் தாங்கும், தன் மென்பொருள் நாளுக்கு எவ்வளவு எழுதும் என்ற இரண்டு எண்களையும் பேட்டரி வாரண்டிக்குப் பக்கத்திலேயே அச்சிட்டுத் தர வேண்டும்.

- கட்டுரையாளர், வாகனக் கணினிப் பொறியாளர்