கழற்றப்பட்ட பாகங்களும் காக்கப்பட வேண்டிய அமானிதமும்



குன்னூரில் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் சிறு கடை வைத்திருக்கிறார். சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் அஸ்ர் தொழுகைக்குப் பின் நான் அங்கே அமர்ந்திருந்தபோது, தேவாலயப் பாடகர் குழுவில் கிதார் வாசிக்கும் இளைஞர் ஒருவர் வந்தார். கைக்குட்டையில் சுற்றியிருந்த ஓர் இரும்புப் பெட்டியை மேசைமேல் வைத்து, "பாய், இதைச் சரிசெய்ய முடியுமா?" என்று கேட்டார். அது கிதார் பெடல். கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே இணைத்து, காலால் அழுத்தி ஒலியின் தன்மையை மாற்றப் பயன்படுவது. உள்ளங்கையில் அடங்கிவிடும்; புதிதாக வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

சகோதரர் அடிமூடியைத் திறந்தார். மலைப்பனியின் ஈரத்தால் போர்டின் ஓரங்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அதைவிடப் பெரிய குறை வேறொன்று. எட்டுக் கால்கள் கொண்ட ஐசி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. இரண்டு டயோடுகளும் ஒரு கெப்பாசிட்டரும் காணவில்லை. ஈயத்தைச் சூடாக்கி எடுத்த தடம் மட்டும் தெரிந்தது. முன்னரே வேறோர் இடத்தில் கொடுத்து, "சரிசெய்ய முடியாது" என்று சொல்லித் திருப்பித் தந்ததை அந்த இளைஞர் அப்போதுதான் சொன்னார். உள்ளிருந்த பாகங்கள் எடுக்கப்பட்டதை அவர் அறிந்திருக்கவில்லை.

எங்கள் சகோதரர் முதலில் செய்தது, கைப்பேசியில் போர்டைப் படம் எடுத்ததுதான். பின்பு ஒரு தாளில், "பெறும்போதே இல்லாதவை" என்று தலைப்பிட்டு நான்கு பாகங்களையும் வரிசையாக எழுதி, இளைஞரிடம் காட்டிக் கையொப்பம் வாங்கினார். அதன் பிறகே, "தம்பி, முதலில் இது எப்படிப் பழுதானது? உண்மையைச் சொன்னால் என் வேலை பாதி குறையும்" என்றார். சற்றுத் தயங்கிய பின், வேறொரு சாதனத்தின் அடாப்டரைச் செருகிவிட்டதாக இளைஞர் ஒப்புக்கொண்டார்.

பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட் மின்சாரத்தில் இயங்குபவை. அவற்றின் செருகியில் நடுமுனை எதிர்மின் முனை. வீட்டிலுள்ள பிற அடாப்டர்கள் பலவற்றில் அது நேர்மின் முனை. மாற்றிச் செருகினால், பாதுகாப்புக்கென வைக்கப்பட்ட டயோடு முதலில் எரிந்து பிற பாகங்களைக் காக்கும். சில வேளைகளில் அதையும் மீறி ஐசியும் போய்விடும். இதை அறிந்த பின், எங்கே தேட வேண்டும் என்பது சகோதரருக்குத் தெளிவாயிற்று.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். காணாமற்போன டயோடுகளின் இடத்தில் பழைய போர்டு ஒன்றிலிருந்து ஏதாவது இரண்டைப் பற்றவைத்தால் பெடல் வேலை செய்யும். விளக்கு எரியும், ஒலி வரும், பணம் வாங்கிவிடலாம். ஆனால் அந்த டயோடுகளே ஒலியின் சிகரங்களைக் கத்தரிப்பவை. சிலிக்கான் டயோடு ஏறத்தாழ 0.6 வோல்ட்டில் கத்தரிக்கும், ஜெர்மேனியம் 0.3 வோல்ட் அளவிலேயே கத்தரிக்கத் தொடங்கும். எதை வைக்கிறோமோ அதற்கேற்ப ஒலி மாறும். உரிமையாளர் வீட்டுக்குப் போய் வாசிக்கும்போது, தம் கருவி எப்படியோ மாறிவிட்டது என்பதை உணர்வார். காரணம் மட்டும் தெரியாது. பழுதுபார்ப்பவரின் ஈமான் சோதிக்கப்படும் இடம் இதுவே என்று நான் கருதுகிறேன். மூடி திருகப்பட்ட பின் உள்ளே இருப்பதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்ட நபி (ஸல்) அவர்கள், அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரிடம் கேட்டதும், ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. மாற்றுப் பாகம் போடுவது குற்றமன்று. அதைச் சொல்லாமல் மறைப்பதே குற்றம். நனைந்த தானியத்தைக் கூட விற்கலாம். மேலே வைத்து விற்க வேண்டும், அவ்வளவே.

கடையில் இருந்த மற்றொருவர் ஒரு கேள்வி எழுப்பினார்: "இசைக்கருவி, அதிலும் தேவாலயத்துக்குரியது. இதற்கு இவ்வளவு கவனம் தேவையா?" இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்துகளை நான் இங்கே தீர்க்க முற்படவில்லை. அந்த வேலையை ஏற்கத் தயக்கம் உள்ளவர் தம் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்து, தொடக்கத்திலேயே கண்ணியமாக மறுத்துவிடலாம். ஆனால் பொருளைக் கையில் வாங்கிய பிறகு அது அமானிதம். அமானிதங்களை அவற்றுக்குரியவர்களிடம் ஒப்படைக்குமாறு திருக்குர்ஆன் (4:58) கட்டளையிடுகிறது. ஹிஜ்ரத் புறப்பட்ட நபி (ஸல்) அவர்கள், மக்காவாசிகள் தம்மிடம் வைத்திருந்த பொருள்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களைப் பின்னே விட்டுச் சென்றார்கள். அவர்களைக் கொல்லத் திட்டமிட்ட ஊர் அது. அந்த ஊராரின் பொருளுக்கே அத்தகைய பாதுகாப்பு என்றால், நம் அடுத்த தெரு இளைஞரின் பெடலுக்கு எவ்வளவு பாதுகாப்பு வேண்டும்!

கைவினைஞரிடம் ஒப்படைத்த பொருள் சேதமடைந்தால் அதற்கு யார் பொறுப்பு என்பதை ஃபிக்ஹ் அறிஞர்கள் விரிவாகவே ஆராய்ந்துள்ளனர். தையல்காரரும் சாயம் போடுபவரும் அவர்களுடைய எடுத்துக்காட்டுகள். இன்று அந்த வரிசையில் கைப்பேசி பழுதுபார்ப்பவரும் நிற்கிறார். பழுதுபார்க்க இயலவில்லை என்று சொல்வதில் இழிவில்லை. அப்படிச் சொல்லும்போது உள்ளிருந்த அனைத்தும் உள்ளேயே இருக்க வேண்டும்.

இதில் வாடிக்கையாளர்களாகிய நமக்கும் பங்குண்டு. நீர் பட்டதையும் கீழே விழுந்ததையும் மறைத்து, "திடீரென்று நின்றுவிட்டது" என்று சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் இல்லையா? அந்தப் பெடலுக்கு வேண்டிய 4558 என்னும் ஐசியின் விலை மிகச் சிறியது. ஆனால் அதே மாதிரிப் பெடலின் சுற்று வரைபடத்தைத் தேடி, காணாத பாகங்களின் மதிப்பை அறிந்து, கோவைக்கு ஆள் அனுப்பி வாங்கி, களிம்பைத் துடைத்து, ஐசியின் கால்களில் 4.5 வோல்ட் நிற்கிறதா என்று மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாகச் சோதிக்க இரண்டு நாள் மாலைப்பொழுது சென்றது. "இந்தச் சின்னச் சில்லுக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுபவர், அந்த உழைப்புக்கு விலையே இல்லை என்கிறார். வியர்வை உலரும் முன் கூலி கொடுக்கப் பணித்த மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். நேர்மையாக உழைப்பவருக்கு உரிய கூலி கிடைக்காத ஊரில், பாகத்தைக் கழற்றி விற்பவரே நிலைப்பார்.

"இத்தனை தொல்லை எதற்கு? புதியதை வாங்கிவிடலாமே" என்று கேட்போர் உண்டு. சில வேளைகளில் அதுவே சரியாகவும் இருக்கலாம். ஆனால் அது முதல் முடிவாக இருக்கலாகாது. வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று கண்டிக்கிறது இறைமறை (17:27). தண்ணீர் பாட்டிலைக் கூட மலையேற விடாமல் சோதனைச் சாவடியில் தடுக்கும் மாவட்டம் நம்முடையது; மின்னணுக் கழிவை மட்டும் வீட்டு மூலையிலும் ஓடையோரத்திலும் எறியலாமா? பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தனி இணையத்தளமே தொடங்கியது.

நம் கண்முன்னே ஓடும் மலை இரயிலைப் பாருங்கள். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் வந்த பாதை அது. பற்சக்கரம் கொண்ட அதன் நீராவி எஞ்சின்களைச் செய்து தந்தது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலை. அங்கிருந்து உதிரிபாகம் வரும் காலம் முடிந்ததும் எஞ்சின்களை இரும்புக்கடைக்கு அனுப்பிவிடவில்லை. பாகங்களை இங்கேயே செய்தார்கள்; பின்னர் திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிய எஞ்சின்களையே உருவாக்கினார்கள். நிலக்கரிக்குப் பதிலாக எண்ணெயால் எரியும்படி செய்தபோது அந்த மாற்றத்தை வெளிப்படையாகவே அறிவித்தார்கள். பொறுமையும் உண்மையும் இருந்தால் பாகம் இல்லை என்பது முடிவான பதிலன்று.

மூன்றாம் நாள் இளைஞர் வந்தார். சகோதரர் பெடலை அவர் முன்னிலையிலேயே திறந்து காட்டினார். "ஐசியும் கெப்பாசிட்டரும் அதே வகை. டயோடு மட்டும் வேறு எண், வகை ஒன்றுதான். வாசித்துப் பாருங்கள், ஒலியில் வேறுபாடு தெரிந்தால் மாற்றித் தருகிறேன்" என்றார். எரிந்த பழைய டயோடைச் சிறு பொட்டலத்தில் மடித்து அவரிடமே கொடுத்தார். இளைஞர் பணத்தைக் கொடுத்துவிட்டு, "வீட்டில் ஒரு பழைய ரேடியோவும் இருக்கிறது பாய், கொண்டு வருகிறேன்" என்று சொல்லிச் சென்றார்.

அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒரு சாதனம் பழுதானால், பிள்ளைகளையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். உரிய கூலியைக் கொடுங்கள். நீங்களே அத்தொழிலில் இருப்பவரானால், வாங்கும்போது ஒரு பட்டியலும் கொடுக்கும்போது ஒரு விளக்கமும் தருவதை வழக்கமாக்குங்கள்.

மூடிய பெட்டிக்குள்ளும் அமானிதம் பேணுவோராக வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.