பெண்வழி அறியாத வம்சாவளி

நம் சங்கத்துக் குடும்பங்கள் சிலவற்றில் அண்மைக் காலமாக ஒரு நன்முயற்சி நடைபெற்று வருகிறது. முதியோர் நினைவு மங்குவதற்கு முன்பே குடிவழியை எழுதி வைத்துவிட வேண்டும் என்னும் ஆர்வம் இளைஞரிடையே தோன்றியிருக்கிறது. முப்பாட்டனார் எந்தச் சிற்றூரை விட்டுப் புறப்பட்டார், எந்த வழியாக மைசூர்ச் சீமைக்கு வந்தார், வந்த இடத்தில் என்ன தொழில் செய்தார் என்று பிள்ளைகள் கேட்கின்றனர். பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த குடிகளுக்கு இக்கேள்விகள் பொழுதுபோக்கல்ல. சொந்த மண்ணில் இருப்பவனுக்கு ஊரே அவன் வரலாற்றைச் சொல்லும். வந்த மண்ணில் இருப்பவன் அதனைத் தானே எழுதிக்கொள்ள வேண்டும்.

அவ்வாறு எழுதப்பெற்ற வம்சாவளிகள் சிலவற்றைக் காணும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. தந்தை, பாட்டனார், பூட்டனார் என்று ஆண்களின் பெயர்கள் ஐந்தாறு தலைமுறைக்கு ஒழுங்காக நிற்கின்றன. அவர்களை மணந்த பெண்களின் பெயர்கள் பாட்டியோடு நின்றுவிடுகின்றன. வேற்றூருக்கு வாழ்க்கைப்பட்டுச் சென்ற மகள்களோ, 'பெண்கள் மூவர்' என்ற இரு சொற்களில் அடங்கிவிடுகின்றனர். அவர்கள் யார், எங்கே சென்றனர், அவர்கள் மக்கள் யாவர் என்பதற்கு ஏட்டில் இடமில்லை.

திருமக்கூடலு நரசீபுரத்திற்குச் சென்று காவிரியும் கபினியும் கூடுமிடத்தைக் காணாத மைசூர்த் தமிழர் குறைவு. கபினியை நீக்கிவிட்டுக் காவிரியின் படத்தை ஒருவர் வரைந்தால் அதனை நாம் ஏற்போமா? ஒவ்வொரு மணமும் அத்தகையதொரு கூடலே. வந்து சேர்ந்த ஆற்றின் பெயரையும் பிறப்பிடத்தையும் குறியாத குடிவழி பாதி ஆற்றின் படமேயாகும்.

இதற்கு நம் நகரிலேயே அரியதொரு சான்று உண்டு. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1861-இல் கட்டுவித்த ஜகன்மோகன அரண்மனையின் சுவரில் 'சந்தானாம்புஜம்' என்னும் ஓவியம் இருக்கிறது. சந்தானத்தைத் தாமரையாகக் காட்டும் ஓவியம் அது. நடுவே அரசர், சூழ விரிந்த இதழ்களில் அவர்தம் குடும்பத்தார். வம்சத்தை மரமாகத் தீட்டினால் அடிமரம், கிளை என்று ஒரு வழியே மேலோங்கித் தோன்றும். தாமரையிலோ இதழ்கள் யாவும் நடுவைச் சார்ந்தே நிற்கும்.

அந்த அரசருக்குக் குடிவழி என்பது ஏட்டுப் பெருமையாக மட்டும் இருந்ததில்லை. 1799-இல் ஐந்து வயதுச் சிறுவராக அரியணை ஏறியவர் அவர். 1831-இல் ஆட்சிப் பொறுப்பை ஆங்கிலேயர் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டனர். பட்டத்திற்குரிய மகன் இல்லை. வாரிசில்லாத அரசுகளை டல்ஹௌசி பிரபு கம்பெனி ஆட்சியோடு சேர்த்துக்கொண்ட காலத்தை அவர் கண்ணாரக் கண்டவர். முதுமையில், 1865-இல், ஒரு குழந்தையைச் சுவீகாரம் எடுத்தார். அக்குழந்தையே பின்னாளில் சாமராஜேந்திர உடையார் ஆயிற்று. அது யார் குழந்தை? அரசரின் மூத்த மகளார் புட்டம்மண்ணி பெற்ற மகன். அரசருக்கு மகள் வயிற்றுப் பேரன். சுவீகாரத்தை ஆங்கில அரசு 1867-இல் ஏற்றது. 1868-இல் அரசர் மறைந்தார். 1881-இல் நாடு சாமராஜேந்திரர் கைக்குத் திரும்பியது. மைசூர் அரசு பிழைத்தது மகள் வழியாலே என்று கூறினால் மிகையாகாது.

அவ்வரலாறு நம் காலத்திலும் மீண்டது. ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் 2013-இல் மகப்பேறின்றி மறைந்தார். அவர் துணைவியார் பிரமோதா தேவி 2015-இல் யதுவீரரைச் சுவீகாரம் எடுத்தார். ஜயசாமராஜ உடையாரின் மூத்த மகளார் காயத்திரி தேவி. அவர் மகளின் மகன் யதுவீரர். இரண்டு பெண்தலைமுறைகளைக் கடந்து வந்த உறவு அது. மகள்கள் எங்கே சென்றனர் என்பதை அரண்மனை மறந்திருந்தால் இவ்விரு தேர்வுகளும் கைகூடியிருக்குமா?

அரண்மனைக்குக் கணக்கரும் ஓவியரும் இருந்தனர். நம்மனோர்க்கு யார் உளர் என்று அன்பர்கள் கேட்கலாம். நமக்கு இருந்தவை பெயரும் பாட்டியும். இவ்விரண்டிற்கும் எடுத்துக்காட்டாக, மைசூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றையே கூறுவோம்.

ஆர். கே. நாராயணன் என்னும் பெயரை அறியாதார் இல்லை. 'ஆர்' என்பது இராசிபுரம். இப்போது நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. 'கே' என்பது தந்தையார் கிருஷ்ணசுவாமி. மகாராஜா உயர்பள்ளியில் தலைமையாசிரியராக விளங்கியவர். ஆக, இரண்டு எழுத்துகளுள் ஓர் ஊரும் ஒரு தலைமுறையும் பொதிந்துள்ளன. ஊர்ப்பெயரை முன்னெழுத்தாகக் கொள்ளும் நம் முன்னோர் வழக்கம் எத்துணைப் பயனுடையது! மைசூர்த் திவானாக 1881 முதல் 1883 வரை இருந்த ரங்காசார்லுவின் முன்னெழுத்தும் செங்கற்பட்டுச் சீமையின் செட்டிபுண்ணியம் என்னும் ஊரையே குறிக்கும்.

எனினும் நாராயணனை இளமையில் வளர்த்தது இராசிபுரமும் அன்று. தந்தையார் இல்லமும் அன்று. 1906-இல் சென்னையில் பிறந்த அவர், புரசைவாக்கத்தில் தாயைப் பெற்ற பாட்டியாரிடம் வளர்ந்தார். அந்த வீட்டிற்கும் பாட்டியார்க்கும் அவர் பெயரிலுள்ள முன்னெழுத்துகளில் இடமில்லை. ஆனால் எழுத்தில் இடம் கிடைத்தது. 1992-இல், எண்பத்தைந்து வயதைக் கடந்த நிலையில், 'பாட்டியின் கதை' எனப் பொருள்படும் தலைப்பில் ஆங்கிலக் குறுநாவல் ஒன்றை அவர் வெளியிட்டார். பாட்டி தன் தாயைப் பற்றிச் சொன்ன செய்தி அதன் கரு. சிறு வயதில் மணமாகி, கணவன் யாத்திரிகர் கூட்டத்தோடு போய்விட, வளர்ந்தபின் அவனைத் தேடிப் புனே வரை சென்று, அங்கே வேறொருத்தியோடு வாழ்ந்தவனை மீட்டு வந்த பெண்ணின் கதை அது. கற்பனை கலந்த நூலாதலின் அதனை ஆவணமாகக் கொள்ளலாகாது. ஆயினும், பாட்டியின் வாய்மொழி இல்லையேல் அம்முன்னோரின் மணம் நமக்கு எட்டியிராது. அக்கதையில் புனேயில் கைவிடப்பட்ட மற்றொருத்தியும் இருக்கிறாள். அவள் பக்கத்து ஏட்டை எழுதுவார் யார் என்று எண்ணுங்கால் நெஞ்சு கனக்கிறது. நம் வீட்டு வரலாறுகளிலும் அத்தகையோர் இருக்கலாம். இளம் விதவையர், மூத்தாள், இளையாள், சாதி கடந்து மணந்ததால் பெயர் நீக்கப்பெற்ற மகள் என்று பலர். அவர்களையும் இரக்கத்தோடு எழுதிச் சேர்ப்பதே நேர்மை.

இனி, தேடும் முறைக்கு வருவோம். தலைவரின் பெயரைத் தொடங்கி மக்களைக் கிளைகளாக வரைவதைக் காட்டிலும், மணம் ஒன்றுக்கு ஒரு தாள் என வைத்துக்கொள்வது சாலச் சிறந்தது. தாளின் ஒருபுறம் மணமகளின் பெயர், பெற்றோர் இருவர் பெயர், பிறந்த ஊர். மறுபுறம் மணமகனுக்கும் அவையே. கீழே மணம் நடந்த இடம், ஆண்டு, பிறந்த மக்கள் அனைவரும். இளமையில் இறந்த மகவுகளும் உட்பட. இரு பக்கமும் சம அளவில் இருப்பதால், பெண்ணின் பக்கம் வெறுமையாக இருந்தால் அந்த வெறுமையே நம்மைக் கேட்கத் தூண்டும்.

கேட்கும்போது உறவுச் சொற்களைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். தாயின் உடன்பிறந்தானும் மாமன். கணவன் அல்லது மனைவியின் தந்தையும் மாமன். தந்தையின் உடன்பிறந்தாளும் அத்தை. மாமியாரும் பல குடும்பங்களில் அத்தை. மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கமே இச்சொற்களில் படிந்துள்ளது. லூயி மார்கன் என்னும் அமெரிக்க அறிஞர் 1871-இல் வெளியிட்ட பெருநூலில், தமிழர் உறவுச் சொற்களையும் நியூயார்க் பகுதியைச் சேர்ந்த செனிகா பழங்குடியினரின் உறவுச் சொற்களையும் ஒப்பிட்டு, இரு மக்களும் தந்தையின் உடன்பிறந்தானைத் தந்தையாகவும் தாயின் உடன்பிறந்தாளைத் தாயாகவும் கொள்வதைக் கண்டு வியந்தார். பெரியப்பா, சித்தி என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களின் அருமை அத்தகையது.

ஆனால் சொல்லை மட்டும் நம்பிவிடலாகாது. பாட்டியார் ஒருவரை 'அத்தை' என்று குறித்தால், "பிறந்த முறையில் அத்தையா, புகுந்த முறையில் அத்தையா?" என்று மறுகேள்வி கேட்க வேண்டும். மாமியாராக வந்தவர் பிறந்த முறையிலும் அத்தை எனில் அது உறவுக்குள் நடந்த மணம். புகுந்த முறையில் மட்டும் அத்தை எனில் புதிய குடும்பம் ஒன்று வந்து சேர்ந்திருக்கக்கூடும். மரியாதைக்காக அழைக்கும் அத்தையரும் உண்டு.

காலத்தை அறிவதற்கும் வழி உண்டு. ஆண்டைச் சொல்லத் தெரியாத பாட்டியரும், 'பெரு வெள்ளத்துக்கு மறுவருஷம்' என்பர். 1924-இல் காவிரியில் பெருகிய வெள்ளம் ரக்தாட்சி ஆண்டில் நிகழ்ந்தது. 'தாது வருஷப் பஞ்சம்' என்றால் 1876-இல் தொடங்கிய கொடும் பஞ்சம். மைசூர்ச் சீமையும் சென்னை மாகாணமும் ஒருங்கே துன்புற்ற காலம் அது. ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருவன ஆதலின், ஒரு சுற்று முன்னோ பின்னோ என்பதை மக்களின் வயதைக் கொண்டு சரிபார்த்துக்கொள்வது இன்றியமையாதது.

எழுத்துச் சான்றுகளுள் தலையாயது மொய் நோட்டு. பெட்டியின் அடியில் கிடக்கும் அப்பழைய நோட்டில் ஊரும் பெயரும் தொகையும் வரிசையாக நிற்கும். மகள்களும் உடன்பிறந்தாள்களும் எந்தெந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்தனர் என்பதை வேறெந்த ஆவணமும் அத்துணைத் தெளிவாகக் காட்டாது. கோலார் தங்கவயல் 2001-இல் மூடப்பட்டபின் சிதறிய குடும்பங்களுக்கும், இலங்கைத் தோட்டங்களினின்று 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி திரும்பிய குடும்பங்களுக்கும் இத்தகைய நோட்டு ஒன்று எஞ்சியிருந்தால் அது பெருஞ்செல்வம். திருமண அழைப்பிதழும் பாட்டனார் பெயரையும் பூர்விக ஊரையும் தாங்கி நிற்கும். தர்ப்பணம் செய்யும் இல்லங்களில் தாய், பாட்டி, பாட்டியின் மாமியார் என மூன்று தலைமுறைப் பெண்களின் பெயர்களும், தாய்வழிப் பாட்டனார் வரிசையும் இன்றும் சொல்லப்படுகின்றன, அவற்றை எழுதிக்கொள்ளலாம். கிறித்தவ அன்பர்களுக்குக் கோயிலின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளும், இசுலாமிய அன்பர்களுக்கு நிக்காஹ் பதிவேடும் துணை செய்யும். பாட்டியார் பிறந்த வீட்டின் குலதெய்வம் எது என்று கேட்டறிவதும் நன்று. அக்கோயில் திருவிழாவில் அவர் உடன்பிறந்தார் வழியினரைக் காணக்கூடும்.

இவ்வளவு உழைப்பு எதற்கு என்பார்க்கு இரண்டு மறுமொழிகள் உள்ளன.

முதலாவது உரிமை பற்றியது. குடும்பத் தலைவர் மறைந்தபின் நிலத்தின் பதிவை மாற்ற வேண்டுமாயின், கர்நாடகத்தில் நாடகச்சேரியில் 'வம்ச விருட்சம்' பெற வேண்டும் என்பதை இங்குள்ளோர் அறிவர். தமிழகத்தில் வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்று அதனைப் போன்றது. இந்துக் குடும்பங்களின் கூட்டுச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டென்று தமிழகம் 1989-லும், கர்நாடகம் 1994-லும், நாடு முழுமைக்கும் 2005-லும் சட்டம் செய்யப்பட்டது. சட்டம் தந்ததைத் தாள் பறிக்கக்கூடும். விண்ணப்பத்தில் மகளின் பெயர் விடுபட்டால், அவள் வழக்காடித்தான் தன் பிறப்பை நிலைநாட்ட வேண்டியிருக்கும். வீட்டு ஏட்டில் மகளை எழுதிப் பழகாத கை, அரசு ஏட்டிலும் அவளை எழுதத் தயங்கும்.

இரண்டாவது உடல்நலம் பற்றியது. தமிழகத்திலும் கர்நாடகத்திலும் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட மணங்கள் உறவுக்குள் நடப்பனவென 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. அத்தகைய மணங்களில் சில பரம்பரை நோய்கள் குழந்தைக்கு வரும் வாய்ப்பு கூடும். கருவுற்ற பெண்ணிடம் மருத்துவர், "சொந்தத்தில் மணமா? எந்த முறை?" என்று கேட்பது அதனாலேயே. பாட்டி பிறந்த வீட்டில் காது கேளாதவர் இருந்தனரா, குழந்தைகள் காரணமின்றி இறந்தனவா என்பதற்கு ஆண்வழி மட்டும் எழுதிய வம்சாவளி விடை கூறாது.

ஆதலின் அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம். வரும் ஞாயிறன்று வீட்டில் மூத்த பெண்மணியின் அருகே அமருங்கள். கைப்பேசியில் அவர் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'பாட்டனார் யார்?' என்ற கேள்வியைப் பின்னர்க் கேட்கலாம். "நீங்கள் பிறந்த ஊர் எது? உங்கள் அம்மா எந்த ஊரிலிருந்து வந்தார்? உங்களோடு பிறந்த பெண்கள் எங்கே இருக்கிறார்கள்?" என்று தொடங்குங்கள். அவரிடம் யாரும் அதுவரை கேளாத கேள்விகளாக அவை இருக்கக்கூடும். அவர் சொல்லும் பெயர்களுள் ஒன்றேனும், அவருக்குப்பின் அறிவார் எவருமில்லாத பெயராக இருக்கும்.